கசெற் திருப்பிய கை

போன மாதம் என்னுடைய பழைய வேலையிடத்தில் ஒரு தேநீர் விருந்துக்குக் கூப்பிட்டார்கள். ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லம். கடைசிப் பதினாறு வருடம் அங்கேதான் வேலை செய்து, முழங்கால் இரண்டும் தேய்ந்தபிறகு ஓய்வு பெற்றேன். சாப்பாட்டு மண்டபத்துக்குள் கால் வைக்கும்போதே ஒரு பாட்டுப் போய்க்கொண்டிருந்தது. எழுபதுகளின் அமெரிக்கப் பாட்டு. மின்சாரப் பியானோ, அவசரமே இல்லாத ஓர் ஆண்குரல், நடுவில் ஒரு சக்ஸபோன். அதைத் தன் போனில் போட்டிருந்தவள் கீர்த்தனா. இங்கே பிறந்த பிள்ளை. இப்போது நான் இருந்த இடத்தில் வேலை செய்கிறாள்.

"அன்ரி, யூ ஹாவ் ரு ஹியர் திஸ். ஸோ ஸ்மூத்! இப்ப எங்கட ஏஜ் ஆக்கள் எல்லாம் உதுதான் கேக்கினம்," என்றாள்.

"ஓஃப் பண்ணு," என்றேன்.

"ஏன் அன்ரி, பிடிக்காதோ?"

"ஓஃப் பண்ணெண்டு சொல்லுறன் எல்லோ!"

பிள்ளையின் முகம் சுருங்கிப்போனது. வீட்டுக்கு வரும் பஸ்ஸில் எனக்கே வெட்கமாக இருந்தது. அவள் என்ன பிழை செய்தாள்? நல்ல பாட்டு. அந்தப் பாட்டின் ஒவ்வொரு அடியும் எனக்குத் தெரியும், கசெற்றின் ஒரு பக்கத்தில் அது எத்தனையாவது பாட்டு என்பதும் தெரியும். அதனால்தான் கத்தினேன். என் வேலைக்காலத்தைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று அங்கே வேலை செய்கிறவர்கள் கனநாளாகக் கேட்கிறார்கள். எழுதுகிறேன். கீர்த்தனாவுக்குத் தமிழ் வாசிக்க வராது, தாய் வாசித்துக் காட்டட்டும்.

படித்த கதையைச் சுருக்கிவிடுகிறேன். எண்பதுகளின் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தேன். ஒரு தலையணைத் தொழிற்சாலையில் பஞ்சு அடைத்தேன், மூச்சு முட்டியது, விட்டேன். ஆறு மாதம் பராமரிப்பு உதவியாளர் படிப்பு. பொம்மை ஒன்றைக் குளிப்பாட்டி, கட்டில் விரிக்கப் பழகி, ஒரு சான்றிதழ் வாங்கினேன். அந்தச் சான்றிதழோடு போன முதல் இடத்திலேயே வேலை தந்தார்கள். உடனே தந்ததற்குக் காரணம் இருந்தது. அந்த இடத்தில் வேலை செய்ய அப்போது ஆட்கள் பயந்தார்கள்.

நகரத்தின் நடுவில், தண்டவாளத்தில் மணியடித்தபடி ஸ்ரீற்கார் ஓடும் தெருவிலிருந்து ஒரு வீடு தள்ளி, செங்கல் வீடு. ஒன்பது கட்டில்கள். எயிட்ஸ் வந்தவர்கள் சாவதற்கு வரும் வீடு. இதைவிட மெதுவாகச் சொல்ல எனக்குத் தெரியாது. தொண்ணூறுகளின் முற்பாதி அது. உயிரை நீட்டும் மாத்திரைகள் அப்போது வந்திருக்கவில்லை. ஸ்காபரோவின் மல்வேர்னில் எங்கள் அடுக்குமாடிச் சனத்துக்கு முதியோர் இல்லத்தில் வேலை என்று சொல்லி வைத்தேன். என் வீட்டுக்காரருக்கும் அதே பொய்தான். பின்னர் உண்மை தெரிந்தபோது மனிசன் ஒரு கிழமை தன் தேத்தண்ணியைத் தானே போட்டுக் குடித்தார். அவரைக் குறை சொல்லமாட்டேன். முதல் நாள் நானே இரண்டு சோடி கையுறை போட்டுக்கொண்டு போனவள்தானே.

அந்த இரண்டு சோடியையும் கழற்ற வைத்தவர் மொறீன். வீட்டின் தலைமைத் தாதி. நியூஃபவுண்ட்லாந்தில் ஒரு மீனவரின் மகள், ஐம்பத்தைந்து வயது, கதவளவு ஆள். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதேயில்லை. என் கையைப் பார்த்தார். "முகம் கழுவும்போது கையுறை வேண்டாம், தவா. முகத்தில் உன்னைக் கொல்லும் ஒன்றும் இல்லை. இவர்களை யாரும் வெறுங்கையால் தொட்டு எத்தனை மாதமோ," என்றார். என் பெயர் தவமணி. அவர் வாயில் அது தவா ஆகிவிட்டது.

அவருடைய முறைகள் எனக்கு இன்றைக்கும் அத்துப்படி. திறந்திருக்கும் கதவென்றாலும் தட்டவேண்டும். பெயரைச் சொல்லிக் கூப்பிடவேண்டும். என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் தொடவேண்டும், ஆள் நினைவில்லாமல் கிடந்தாலும் சரி. தண்ணீரின் சூட்டை முழங்கையால் பார்க்கவேண்டும். முதலில் கண், பிறகு முகம், பிறகு கழுத்து. அதற்குப்பிறகுதான் கையுறை, அதற்குப்பிறகுதான் மிச்ச உடம்பு. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் திருப்பவேண்டும். உதடு காயாமல் ஈரப் பஞ்சு வைக்கவேண்டும்.

இவற்றையெல்லாம் விட அவர் கண்டிப்பாக இருந்தது ஒரு நீலப் புத்தகத்தில். முன்னறை மேசையில் கிடக்கும். இடப்பக்கத்தில் 'கேட்டது', வலப்பக்கத்தில் 'செய்தது'. அங்கே இருப்பவர்கள் எங்களிடம் எதைக் கேட்டாலும் அதில் எழுதவேண்டும். ஐஸ்கிறீம் கேட்டாலும் எழுது, பாதிரியாரைக் கேட்டாலும் எழுது, சாகவேண்டும் என்று கேட்டாலும் எழுது. "கேட்டதை எழுது. அது சரியா பிழையா என்று நீ யோசிக்காதே. எழுதினால் நான் பார்ப்பேன்," என்பார்.

பாட்டும் முறைகளில் ஒன்றுதான். முன்னறையில் ஒரு பெட்டி நிறையக் கசெற்றுகள் இருந்தன. யாரோ ஒருவரின் வீட்டு முற்றத்து விற்பனையில் பெட்டியோடு வாங்கியவை. எல்லாம் பதினைந்து, இருபது வருடத்துக்கு முந்திய அமெரிக்க மெல்லிய ரொக் பாட்டுகள். முதலில் எனக்குப் பிடிக்கவே இல்லை. பல் போனவனுக்குப் பாணைப் பாலில் ஊறவைத்துக் கொடுத்தது போல ஒரு சங்கீதம். ஆனால் கட்டில்களில் கிடந்தவர்கள் கிழவர்கள் இல்லை. முப்பத்தைந்து, நாற்பது வயது ஆண்கள். அவர்களின் இருபது வயதில் வானொலியில் ஓடிய பாட்டுகள் இவை. ஒரு தலைமுடி அலங்காரக்காரர் என்னிடம் சொன்னார்: "அப்போது இதைக் கேட்டவனைப் பார்த்துச் சிரித்தேன், தவா. இப்போது வேறு எதையும் தாங்க முடியவில்லை." வெறுத்த பாட்டென்றார், ஆனால் சொல் ஒன்று பிசகாமல் கூடவே உதடசைத்தார். இரண்டு பேர் ஒரே கசெற்றுக்காக நாலு நாள் பேசாமல் இருந்திருக்கிறார்கள்.

ஏன் இந்தப் பாட்டுகள் என்று மொறீனைக் கேட்டேன். "இவற்றில் ஒன்றும் திடீரென்று வராது. இங்கே இருப்பவர்களுக்குத் திடீரென்று வந்தது போதும்," என்றார். யாராவது இறந்தால், ஓடிக்கொண்டிருக்கும் கசெற்றை நிறுத்தக்கூடாது என்பதும் அவர் வைத்த விதி. காது கடைசியில்தான் போகும். அந்தப் பக்கம் முடிந்து கசெற் தானாக டொக்கென்று நிற்கும்வரை எல்லாரும் அசையாமல் இருக்கவேண்டும். அதற்குப்பிறகுதான் யன்னலைத் திறப்போம், தண்ணீர் எடுப்போம்.

நாலு வருடத்தில் எத்தனை டொக்கைக் கேட்டேன் என்று எண்ணவில்லை. அதிலொன்றைத்தான் சொல்லப்போகிறேன்.

ஒரு மாசி மாதம் மூன்றாம் அறைக்கு ஒருவன் வந்தான். முப்பத்தாறு வயது. கோப்பில் றொன் என்றிருந்தது, பிறந்த இடம் கொழும்பு, பேசும் மொழி ஆங்கிலம். தொடர்புக்கு ஒரே ஒரு பெயர்: மைக்கல், நண்பர். உண்மையில் மைக்கல் அவனோடு ஏழு வருடம் ஒரே வீட்டில் வாழ்ந்தவர், தச்சு வேலை செய்யும் வெள்ளைக்காரர். எலும்பும் தோலுமாகக் கிடந்தவனின் மூக்கையும் நெற்றியையும் பார்த்ததுமே எனக்குத் தெரியும் இவன் எங்கட ஆள் என்று. அவனுக்கும் என்னைத் தெரிந்திருக்கவேண்டும். என்னோடு ஆங்கிலத்தில் மட்டும், அதுவும் மூக்கால் பேசினான். பாட்டுப் பெட்டியைக் கொண்டுபோய்க் காட்டியபோது மட்டும் முகம் மாறியது. ஒரு கசெற்றை எடுத்துப் பின்பக்கத்தை வாசிக்காமலே எத்தனையாவது எந்தப் பாட்டென்று சொன்னான்.

மூன்றாம் நாள் பக்கம் திருப்பும்போது இடுப்பில் நோ பிடித்தது. "அம்மா!" என்று கத்திவிட்டான்.

நானும் சும்மா இருந்திருக்கலாம். எங்கட சனத்தின் வாய் சும்மா இருக்குமா? "ஊரில எவடம் தம்பி?" என்று கேட்டுவிட்டேன். பஸ்ஸில், கோயிலில், மீன்கடையில் ஒரு தமிழ் முகத்தைக் கண்டால் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி அது. அதற்குப் பதில் வந்தால் அடுத்த இரண்டு கேள்வியில் ஆளின் வீடு வாசல் எல்லாம் வெளியில் வந்துவிடும். அவன் எதற்குப் பயந்து கொழும்பென்று எழுதினானோ, அந்தக் கேள்வி.

சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பினான். நான் துவாயை நனைத்துப் பிழிந்துகொண்டிருந்தேன்.

"கொக்குவில்," என்றான். பிறகு, "ஆருக்கும் சொல்லாதேங்கோ அக்கா," என்றான்.

அவனுடைய பெயர் றஞ்சன். பள்ளிக்கூடக் காலத்தில் வானொலியின் ஆங்கில ஒலிபரப்பில் இந்தப் பாட்டுகளைக் கேட்டு, சொற்களைக் கொப்பியில் எழுதி, கிற்றாரில் வாசித்துத் திரிந்தவன். இங்கே வந்தபிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டானாம், பழைய காலத்துப் பாட்டென்று பெடியள் சிரித்ததால். "சாகக் கிடக்கேக்கை திரும்பக் கிடைச்சிருக்கு. பாருங்கோ என்ர அதிஷ்டத்தை," என்றான். தகப்பன் இல்லை. தாயும் தங்கச்சியும் மல்வேர்னில், என் கட்டிடத்திலிருந்து பத்து நிமிட நடை. மகன் வான்கூவரில் ஒரு பெரிய ஹோட்டலில் வரவேற்பு மேசையில் வேலை என்று தாய் நினைத்துக்கொண்டிருந்தார். தங்கச்சிக்கு வைகாசியில் கலியாணம். தமையனுக்கு வந்த எயிட்ஸ் வருத்தம் வெளியில் தெரிந்தால் மாப்பிள்ளை வீடு விலகிவிடும். அந்தக் காலத்தில் விலகித்தான் இருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மணிக்குத் தாய்க்கு ரெலிபோன் எடுப்பான். அதற்கு நாங்கள் செய்த ஆயத்தம் ஒரு சத்திரசிகிச்சைக்குக் கூடச் செய்யமாட்டார்கள். சத்தம் போடும் ஒக்சிசன் மெசினை நீளக் குழாயோடு அறைக்கு வெளியே நடைபாதைக்குத் தள்ளுவேன். யன்னலைச் சாத்துவேன். பேப்பரில் வான்கூவர் காலநிலையைப் பார்த்துச் சொல்லுவேன், அனேகமாக மழைதான். 'மூன்று மணித்தியாலம் குறை' என்று ஒரு துண்டில் எழுதி ரெலிபோனில் ஒட்டியிருந்தேன். சுடுதண்ணி கொடுத்து, இருமல் எல்லாவற்றையும் இருமி முடிக்க வைப்பேன். கடைசியாகக் கசெற். ஹோட்டல் வரவேற்பறையில் ஓடும் பாட்டு மாதிரி, மெல்லிய சத்தத்தில், கட்டிலிலிருந்து இரண்டு முழம் தள்ளி. இந்தப் பாட்டுகளைப்போல அந்தப் பொய்க்குப் பொருந்துவது வேறொன்றும் இல்லை. அவனுடைய மூச்சிரைப்பை அவை மூடிக்கொண்டன.

கை நடுங்கத் தொடங்கியபிறகு ரிசீவரை நான்தான் அவன் காதில் பிடித்தேன். அதனால் தாயின் குரல் எனக்கும் கேட்கும்.

"என்ன மேனை, உங்க எந்த நேரமும் பாட்டுப் போகுது?"

"ஹோட்டல் லொபி அம்மா. வாறாக்களுக்குப் போடுறது."

"நல்ல அமைதியான பாட்டு. சாப்பிட்டியே?"

"ஓம். இஞ்ச இப்பதானே பதினொரு மணி. இனித்தான் மத்தியானம்."

பேச்சு நீண்டால் பக்கம் முடிந்துவிடும். கசெற் நிற்கும். நான் ரிசீவரை ஒரு கையில் பிடித்தபடி மற்றக் கையால் கசெற்றை எடுத்துத் திருப்பிப் போட்டு, சத்தம் கேட்காமல் பொத்தானின்மேல் துவாயை வைத்து அழுத்துவேன். இந்த வேலையில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. விசர் பெருமை.

சித்திரை கடைசியில் ஒரு வியாழக்கிழமை காலை. முகம் துடைத்துக்கொண்டிருந்தேன், வெறுங்கையால். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்.

"அக்கா, அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாறீங்களே?"

நான் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் எழுதுகிறேன். "தம்பி, கலியாணத்துக்கு இன்னும் மூண்டு கிழமைதான். கார்டும் குடுத்தாச்சு. இப்ப அம்மா இஞ்ச வந்து உங்களைப் பாத்திட்டுப் போனா, அவவின்ர முகத்தைப் பாத்தே சனம் கண்டுபிடிச்சிடும். தங்கச்சின்ர கதி என்ன? முடியட்டும். அடுத்த நாளே நான் கூட்டியாறன். உது என்ர பொறுப்பு."

"ஓம் அக்கா. அதுவும் சரிதான்," என்றான்.

அவன் என்னிடம் யோசனை கேட்கவில்லை. ஒரேயொரு காரியம் கேட்டான். ஒன்றரை மணித்தியாலப் பஸ் பயணம், அவ்வளவுதான். ஒரு குமர்ப்பிள்ளையின் கலியாணம் என்றதும் எங்கள் ஊர் முழுவதும் என் தலைக்குள் வந்து குந்திக்கொண்டது. நீலப் புத்தகத்தில் எழுதவேண்டும் என்று எனக்குத் தெரியும். எழுதினால் மொறீன் பார்ப்பார், பார்த்தால் அன்றைக்கே காரை எடுத்துக்கொண்டு போய்த் தாயைக் கூட்டி வந்துவிடுவார். அதற்குத்தான் நான் எழுதவில்லை.

இரண்டு நாள் கழித்து அவன் ஒரு கடிதத்தில் கையெழுத்து வைத்தான். தான் செத்தாலும் கலியாணம் முடியும்வரை வீட்டுக்குச் சொல்லக்கூடாது என்று. மொறீன் அவனிடம் இருமுறை கேட்டார், நிச்சயமா என்று. பிறகு நடைபாதையில் என்னை நிறுத்தினார்.

"உன்னோடுதான் அவர் தமிழில் பேசுகிறார். தாயைக் கேட்டாரா?"

"இல்லை," என்றேன்.

கலியாணத்துக்குப் பத்து நாள் இருக்க, ஒரு புதன்கிழமை பின்னேரம் மூன்று மணிபோல அவனுடைய மூச்சு மாறியது. அறைக்குள் நாங்கள் மூன்று பேர். மைக்கல் அவனுடைய பாதங்களைத் தன் மடியில் வைத்திருந்தார். மொறீன் கையைப் பிடித்திருந்தார். நான் உதட்டுக்கு ஈரப் பஞ்சு வைத்துக்கொண்டிருந்தேன். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் அவன் கிற்றாரில் வாசித்த பாட்டு. அது முடியும் முன்பே அவன் முடிந்துவிட்டான். அதற்குப்பிறகும் அந்தப் பக்கத்தில் மூன்று பாட்டுகள் இருந்தன. மூன்றையும் நாங்கள் இருந்து கேட்டோம். யாரோ ஒருவன் ஒரு பெண்ணைத் திரும்பி வரும்படி மெதுவாக, மிக மெதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தான். டொக்கென்று நின்றது. மொறீன் எழுந்து யன்னலைத் திறந்தார்.

சனிக்கிழமை தகனம். ஒரு பூசை இல்லை, தேவாரம் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு தேவாரத்தைச் சொல்ல வாயெடுத்தேன், முதலடியோடு விட்டுவிட்டேன். தகன அடுப்பின் பொத்தானை மைக்கல் அழுத்தினார். நான் வாசலில் நின்று நாள் எண்ணினேன். செத்த வீட்டுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. அந்த நாட்களுக்குள் கலியாணம் என்ன, கோயில் வாசலைக்கூட மிதிக்கக்கூடாது. இது தெரிந்த ஒரே ஆள் அங்கே நான்தான்.

கலியாணத்துக்குப் போனேன். அழைப்பில்லாமல்தான் போனேன். ஸ்காபரோவில் எங்கட கலியாண மண்டபத்துக்குள் நல்ல சேலை கட்டிக்கொண்டு போனால் யார் கேட்கப் போகிறார்கள்? மாப்பிள்ளை பகுதி என்று பொம்பிளை பகுதி நினைக்கும். ஏன் போனேன் என்று கேட்டால் இன்றைக்கும் தெரியாது. கடைசி வரிசையில் இருந்தேன். தாய் சின்ன உருவம், பச்சைச் சேலை, எந்நேரமும் வாசலைப் பார்த்தபடி நின்றார். கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்.

"மூத்தவன் வான்கூவரில. லீவு குடுக்கேல்லையாம்."

போகலாமென்று எழும்பியபோது என்னிடமே வந்துவிட்டார். என் தோளைத் தொட்டு, "என்ன பிள்ளை, சாப்பிடாமல் போறீரோ? வாரும், பந்திக்கு வாரும்," என்றார். கையைப் பிடித்துக் கொண்டுபோய் இருத்தினார். நான் இருந்து சாப்பிட்டேன். வடை, பாயாசம் எல்லாம் சாப்பிட்டேன்.

கலியாணம் முடிந்து வந்த செவ்வாய்க்கிழமை மொறீனும் நானும் மல்வேர்னுக்குப் போனோம். மகள் கணவனோடு பிறம்ரனுக்குப் போய்விட்டாள், தாய் தனியே இருந்தார். கதவைத் திறந்ததும் என்னைத்தான் பார்த்தார். "நீர் கலியாணத்துக்கு வந்தனீர் எல்லோ," என்று சிரித்தார். பிறகு மொறீனின் உயரத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

செத்துவிட்டார் என்ற சொல்லையே சொல்லவேண்டும், காலமானார், போய்விட்டார் என்று பூசி மெழுகக்கூடாது என்பது மொறீனின் முறை. அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். "அம்மா, உங்கட மகன் றஞ்சன் செத்துப்போனார்." என்ன வருத்தம் என்பதையும் சொன்னேன்.

அந்த அம்மா கதறவில்லை. கதிரையின் விளிம்பில் இருந்து, "எப்ப?" என்று கேட்டார். சொன்னேன். விரலில் எண்ணினார். கலியாண நாளில் வந்து விரல் நின்றது.

"அப்ப துடக்கோட நிண்டே பிள்ளைக்கு அறுகரிசி போட்டு வாழ்த்தினனான்."

"ஓம் அம்மா."

"எங்க வைச்சிருந்தவை அவனை?"

"இஞ்சதான். டவுன்ரவுனில."

"ஓம்," என்றார். "தெரியும்."

எனக்கு விளங்கவில்லை. அவர் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு போனார். "அஞ்சு வருஷம் டவுன்ரவுனில ஒஃபீஸ் கிளீன் பண்ணினனான். அந்த ஸ்ரீற்கார் மணி எனக்குத் தெரியாதே? பாட்டுக்குப் பின்னால டிங் டிங் எண்டு கேக்கும். வான்கூவரில உது எங்க? இவன் இஞ்சதான் நிக்கிறான், ஏதோ ஏலாமல் கிடக்கிறான் எண்டு விளங்கிச்சு. கேட்டால் போன் எடுக்கிறதையும் விட்டிடுவான் எண்டு பயம். ஒரு நாளைக்கு வாங்கோ அம்மா எண்டு சொல்லுவான்தானே. பையும் அடுக்கி வைச்சனான்."

கதவடியில் ஒரு சின்னப் பை இருந்தது. வரும்போது அதைத் தாண்டித்தான் வந்தோம்.

"பாட்டு நிக்கும். பேந்து டொக் எண்டு ஒரு சத்தம். பேந்தும் பாட்டு. கதைச்சுக்கொண்டிருக்கிறவன் என்னெண்டு கசெற் திருப்புவான்? ஆரோ ஒரு ஆள் பக்கத்தில இருக்கு, என்ர பிள்ளை தனியக் கிடக்கேல்லை எண்டு அண்டண்டைக்கு நித்திரை கொண்டனான். அது ஆரெண்டு தெரியுமோ?"

"நான்தான் அம்மா."

எழுந்து வந்தார். என் வலது கையை எடுத்து இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். "நீர் நல்லாயிருக்கோணும்," என்றார். ஐயோ, அடித்திருக்கலாம். கையை விடாமலே கேட்டார். "கடைசியில என்னைக் கேட்டவனோ?"

எனக்குப் பக்கத்தில் மொறீன் இருந்தார். தமிழ் தெரியாது, ஆனால் எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஓமென்று சொன்னால் அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும். அப்ப ஏன் என்னைக் கூப்பிடேல்லை?

"இல்லை அம்மா. கேக்கேல்லை," என்றேன்.

"என்னைக் கேக்கேல்லையோ?" என்றார். என் கை அவருடைய கைக்குள்ளிருந்து தானாக விழுந்தது. வாசலுக்குப் போய் அந்தப் பையை எடுத்து, உள்ளறைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். எங்களுக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தார்.

அடுத்த ஆண்டுகளில் புது மாத்திரைகள் வந்தன. கட்டில்கள் காலியாகத் தொடங்கின. நான் முதியோர் இல்லத்துக்கு மாறினேன். மொறீன் ஓய்வுபெற்றுத் தன் கடற்கரைக்குப் போய் அங்கேயே இறந்ததாகக் கேள்விப்பட்டேன். அவரிடமும் நான் சொல்லவில்லை. றஞ்சனின் தாயைப் பல வருடம் பஸ்ஸில் காண்பேன். தலையசைப்பார், நான் அடுத்த தரிப்பில் இறங்கி மற்ற பஸ்ஸுக்கு நிற்பேன். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் தன்னைக் கேட்கவில்லை என்ற நினைப்போடுதான் போனார்.

கீர்த்தனா, நீ போட்ட பாட்டில் ஒரு குறையும் இல்லை. உன் போனில் அது முடிவதேயில்லை, ஒன்றுக்குப் பின் ஒன்றாக வந்துகொண்டேயிருக்கிறது. ஒரு பக்கம் முடிந்து டொக்கென்று நின்றால் நான் இருந்து கேட்டிருப்பேன். உங்கள் இல்லத்திலும் மேசையில் ஒரு புத்தகம் இருக்கிறது. இந்தப் பக்கங்களை அதற்குள் வைத்துவிடு. அன்றைக்கு நான் எழுதாமல் விட்டதை இதில் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை, காலை, மூன்றாம் அறை. கேட்டது: அம்மாவைக் கூட்டிக்கொண்டு வரும்படி கேட்டார்.

செய்தது: இல்லை.